ஜான் ஆபிரகாம் என்னிடம் வந்து சேர்ந்த வழி

பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் இந்தி நடிகர்தான் நினைவுக்கு வருவார். நான் சொல்வது 1987-ல் கோழிக்கோட்டில் கட்டடத்திலிருந்து விழுந்து, ஐம்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோன மலையாள இயக்குநர் ஜான். நான்கே நான்கு முழுநீளப் படங்கள் எடுத்தவர். அதில் ஒன்று தமிழ்ப் படம்.

அந்தத் தமிழ்ப் படத்தில்தான் எனக்குத் தொடங்கியது. படிப்பு முடித்து கோவையில் வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். ஒரு கல்யாண மண்டபத்து மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் படம் போடுவார்கள். முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு வெள்ளைத் துணி. அன்றைக்குப் போட்டது 'அக்ரகாரத்தில் கழுதை'. 1977-ல் வந்த கருப்பு வெள்ளைப் படம். பெயரைப் பார்த்து நகைச்சுவைப் படம் என்று நினைத்துத்தான் போய் உட்கார்ந்தேன்.

தாயை ஒரு கும்பல் அடித்துக் கொன்றுவிட, ஒரு கழுதைக்குட்டி பேராசிரியர் நாராயணசாமி வீட்டுக்கு வந்து சேர்கிறது. அவர் அதை வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். கல்லூரியில் கேலி தாங்காமல் குட்டியைத் தன் கிராமத்துக்குக் கொண்டுபோய், வாய் பேச முடியாத உமா என்ற பெண்ணிடம் ஒப்படைக்கிறார். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். நடிகருக்கே உரிய எந்தப் பாவனையும் அந்த முகத்தில் இல்லை. கழுதையைப் பார்க்கும்போதும் கல்லூரி முதல்வரைப் பார்க்கும்போதும் ஒரே மரியாதை. அந்தப் பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அப்புறம் உமாவுக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது. அந்தச் சடலம் கோயில் முன்னால் கிடக்க, பழி கழுதை மேல் விழுகிறது. அடித்தே கொல்கிறார்கள். கொன்ற பிறகு ஊரில் ஏதேதோ நல்லது நடக்க, அதே கழுதைக்குக் கோயில் கட்டலாம் என்கிறார்கள். இந்த இடத்தில் மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. என் பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு கையையும் முழங்காலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் உயிரோடு இருந்தபோது தண்ணீர்கூடக் கொடுக்காத ஒரு கிழவிக்கு, செத்த பிறகு ஊரே கூடிப் பொங்கல் வைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். திரையில் அந்த ஊரைத்தான் பார்த்தேன்.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது இது. அப்படியிருந்தும் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவிட்டது. ஒரு மலையாளி வந்து தமிழில் எடுத்துக் கொடுத்ததைத் தமிழர்களில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

படம் பார்த்த அன்று இரவே ஜானைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். எல்.ஐ.சி. வேலையை விட்டுவிட்டு புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனவர், அங்கே வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் மாணவர், இந்தி இயக்குநர் மணி கௌலிடம் உதவியாளராக இருந்தவர். இதெல்லாம் சரி. என்னைத் தூக்கிப்போட்டது அவருடைய கடைசிப் படமான, மலையாளத்தில் எடுத்த 'அம்ம அறியான்' உருவான விதம். தயாரிப்பாளரே வேண்டாம் என்று 1984-ல் நண்பர்களோடு சேர்ந்து 'ஒடேசா' என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்தில் வரும் படிக்கட்டுக் காட்சியால் சினிமா பிடித்தவர்களுக்கெல்லாம் மனப்பாடமான ஊரின் பெயர் அது. புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். சாப்ளினின் 'தி கிட்' மாதிரிப் படங்களைப் போட்டுக் காட்டி, பார்த்தவர்களிடம் முடிந்ததைக் கேட்டு வாங்குவார்கள். அப்படிச் சேர்ந்த சில்லறையில் எடுத்த படம் 1986-ல் வந்தது.

அதைப் பார்க்க எனக்குப் பாலக்காட்டு நண்பன் ஒருவன் துணை தேவைப்பட்டது. கணினியில் படம் ஓட, அவன் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். டெல்லிக்குக் கிளம்பிய புருஷன் என்ற இளைஞன் வயநாட்டில் தூக்கில் தொங்கிய ஒரு பிணத்தைப் பார்க்கிறான். எங்கேயோ பார்த்த முகம். ஹரி என்ற தபலாக்காரன் என்று தெரிந்ததும், கொச்சியில் இருக்கும் அவன் அம்மாவிடம் சேதி சொல்லப் புறப்படுகிறான். வழியில் ஹரியின் நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். சாவுச் சேதி சொல்லப் போகும் நடை, போகப்போக ஒரு ஊர்வலம் ஆகிவிடுகிறது. ஒளிப்பதிவாளர் வேணுவின் கேமரா அவர்களோடு சேர்ந்தே நடக்கிறது. நடுவில் என் நண்பன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். நானும் கேட்கவில்லை.

சில வருடம் கழித்து வேலை விஷயமாகக் கோழிக்கோடு போனேன். மிட்டாய்த் தெரு பக்கம் ஒரு டீக்கடை. சுலைமானி என்கிற பால் இல்லாத டீயை ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார இக்காவிடம் பேச்சுவாக்கில் ஜானைப் பற்றிக் கேட்டேன். அறுபது வயதுக்கு மேலிருக்கும். கண்ணாடிக் கிளாஸை அப்படியே கீழே வைத்தார்.

"எங்க ஊர் ஸ்கூல் கிரவுண்டுல வேட்டியைத் திரையா கட்டிப் படம் போட்டாங்க மோனே. ஜன்னல் கண்ணாடி உடைக்கிற பையன், கண்ணாடி மாட்டித் தர்ற ஆளு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது. அப்புறம் துண்டு ஏந்தி வந்தாங்க. நான் இரண்டு ரூபா போட்டேன்."

"அந்தக் காசுல எடுத்த படத்தைப் பார்த்தீங்களா இக்கா?"

"பாதி பார்த்தேன். மெதுவா போச்சு. ஆனா அது எங்க படம்."

இதை அவர் சொன்ன விதத்தில் பெருமை கிடையாது. எங்க வீடு, எங்க கிணறு என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். டீக்குக் காசு வாங்கிக்கொண்டார், இரண்டாவது கிளாஸுக்கு மட்டும் வாங்கவில்லை.

திரும்பும் ரயிலில் ஷொரணூர் தாண்டும்வரை அந்த இரண்டு ரூபாய்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்திலும் நண்பனோடும் பார்த்த அந்த முதல் தடவைகளை விட்டால், நான் இத்தனை வருடமாக ஜானைத் தனியாக, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன்.

அதனால் போன சித்திரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பெட்ஷீட்டைக் கட்டி 'அக்ரகாரத்தில் கழுதை' போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், தறி ஓட்டும் இரண்டு அண்ணன்கள், பிள்ளைகள் எல்லாமாகப் பதினெட்டுப் பேர். பிரிண்ட் மோசம், ஒலி அதைவிட மோசம். பாதியில் நான்கு பேர் எழுந்து போனார்கள். அம்மா கடைசிவரை உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டே, "அந்தப் புள்ளகிட்ட என்னாச்சுன்னு ஒருத்தருங் கேக்கவே இல்லியே கண்ணு" என்றார். கழுதையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு உமா அப்போதுதான் கண்ணில் பட்டாள்.

அடுத்து 'அம்ம அறியான்' போட வேண்டும். பாலக்காட்டு நண்பன் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். முதல் நாற்பது நிமிடம் முடிந்திருக்கிறது.