டெலிசென்ட்ரிக் லென்ஸுக்கு "அளவுமாறா வில்லை"

வணக்கம். பொருட்களைப் படமெடுத்து அளக்கும் கேமராக்களில் வரும் டெலிசென்ட்ரிக் லென்ஸுக்கு "அளவுமாறா வில்லை" என்ற பெயரைக் கலைச்சொல் பட்டியலுக்கு முன்மொழிந்திருந்தேன் (வில்லை என்பது லென்ஸ்). அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> டெலி என்றால் தொலைவு, சென்ட்ரிக் என்றால் மையம். "தொலைமைய வில்லை" என்றே வைத்துவிடலாமே?

ஐயா, சொல்லுக்குச் சொல் சரிதான். ஒளித்துளையின் (அப்பெர்ச்சர்) பிம்பம் முடிவிலியில் அமைவதால் வந்த பெயர் அது. ஆனால் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் இதைப் படித்தால், தொலைவில் உள்ளதைப் படமெடுக்கும் வில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். இதுவோ ஒரு சாண் தூரத்தில் இருக்கும் போல்ட்டை அளக்கிறது.

அது செய்யும் வேலையிலிருந்து பெயரை எடுப்போம். 20 மி.மீ. விட்டமுள்ள ஒரு தண்டு, சாதாரண வில்லையிலிருந்து சுமார் 200 மி.மீ. தள்ளி இருக்கிறது. கன்வேயர் அதிர்ந்து, தண்டு 1 மி.மீ. கேமரா பக்கம் நகர்ந்தாலே படத்தில் அரை சதவீதம் பெரிதாகிவிடும், அளவு 20.1 என்று வரும். பொறியியல் வரைபடம் 20 மைக்ரான் (0.02 மி.மீ.) கூடக்குறைய அனுமதிக்கிற இடத்தில் 100 மைக்ரான் பிழை! நல்ல தண்டு கழிவில் போய்விழும். டெலிசென்ட்ரிக் வில்லையில், தெளிவாகத் தெரியும் ஆழத்துக்குள் தண்டு முன்பின் நகர்ந்தாலும் உருவளவு மாறாது. குழாயின் வாயை நேராகப் பார்த்தால்கூட உட்சுவர் தெரியாது, விளிம்பு மட்டும் வட்டமாகத் தெரியும். அதனால்தான் "அளவுமாறா வில்லை" என்கிறேன்.

> "இணைகதிர் வில்லை" இன்னும் துல்லியம் இல்லையா?

ஒளித்துளையின் நடுவழியே போகும் முதன்மைக் கதிர்கள் வில்லையின் அச்சுக்கு இணையாக வருவது உண்மை. ஆனால் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கதிர்கள் கூம்பாக விரிந்துதான் வருகின்றன. அப்புறம், நிழலுரு எடுக்கப் பொருளுக்குப் பின்னால் வைக்கும் கோலிமேட்டட் விளக்குக்குத்தான் (கதிர்களை இணையாக அனுப்பும் விளக்கு) "இணைகதிர் விளக்கு" என்ற பெயர் அப்படியே பொருந்தும். இரண்டும் ஒரே மேடையில் எதிரெதிரே நிற்பவை; பெயர் ஒன்றானால் பொருத்துகிறவர் குழம்புவார்.

வகைகளுக்கும் சிக்கல் இல்லை. பொருள் நகர்ந்தாலும் மாறாதது பொருட்பக்க அளவுமாறா வில்லை, சென்சார் நகர்ந்தாலும் மாறாதது பிம்பப்பக்க வகை, இரண்டுக்கும் ஈடுகொடுப்பது இருபக்க வகை.

இடிக்கிற இடம் ஒன்று உண்டு. டெலிசென்ட்ரிசிட்டியை, அதாவது முதன்மைக் கதிர் அச்சிலிருந்து எவ்வளவு சாய்கிறது என்பதை, பாகையில் குறிக்கிறார்கள். "அளவுமாறாமை 0.1 பாகை" என்றால் பொருளே வராது. அங்கே "முதன்மைக்கதிர்ச் சாய்வு 0.1 பாகைக்குள்" என்று நேராகவே எழுதிவிடலாம்.

பட்டறையில் டெலிசென்ட்ரிக் என்றே பேசட்டும், அதில் தப்பில்லை. பாடநூலிலும் கையேட்டிலும்தான் இந்தச் சொல் வேண்டும். மறுப்பு இருந்தால் பட்டியலில் ஏற்றும் முன்பே சொல்லிவிடுங்கள்.