4 இன்ச் ஆங்கிள் கிரைண்டரில் (இரும்பு வெட்ட, தேய்க்கப் பிடிக்கும் கை மெஷின்) வீலை மூடும் கார்டைக் கழற்றலாமா?

கேள்வி: பழைய கேட்டில் துரு எடுக்கிறேன். மூலையில் கார்டு இடிக்கிறது. கழற்றிவிட்டு 5 இன்ச் வீல் போடலாமா அண்ணே?

பதில்: வேண்டாம் தம்பி. கார்டு இல்லாத மெஷினில் கட்டிங் வீல் தெறித்து என் இடது புருவத்தைக் கிழித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. 5 இன்ச் வீலுக்குத் துளையே 22 மி.மீ., உன் மெஷினுக்கு 16. சரியாக உட்காராது. உன் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். வீலில் அச்சிட்ட ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று) அதைவிடக் குறைந்தால் மாட்டாதே. துருவுக்கு ஃபிளாப் டிஸ்க் (எமரித் துண்டுகளை அடுக்கி ஒட்டிய வட்டு) போதும். மூலையை எமரி தாள் வைத்துக் கையால் தேய்த்துவிடு.

இன்னொருவர்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நல்ல மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள்.

கேட்டவர்: சரி அண்ணே. பனியன் துணி கையுறை இருக்கிறது, போதுமா?

பதில்: ஐயோ, நூல் சுற்றி விரலை இழுத்துவிடும். கைக்குப் பிடிப்பான தோல் கையுறை வாங்கு. அப்புறம், புது வீலை ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடு, நேரெதிரே நிற்காதே.