அப்டேட்: பாதியில நின்னுபோற கார்டு
போன வாரம் கேமரால 4கே வீடியோ எடுக்கும்போது பத்து செகண்ட்ல ரெக்கார்டிங் தானா நின்னுடுது, மெமரி கார்டு மேல 170னு பெருசா போட்டிருக்கேன்னு புலம்பியிருந்தேன்ல, காரணம் கிடைச்சிடுச்சு. அந்த 170 படிக்கிற ஸ்பீடு, எழுதுற ஸ்பீடு இல்லயாம்! நான் வச்சிருந்த வீடியோ செட்டிங் செகண்டுக்கு 400 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட்டுங்கறதால எட்டால வகுத்தா செகண்டுக்கு 50 எம்பி (மெகாபைட்), ஆனா கார்டுல ஓரமா பொடி எழுத்துல இருக்குற வி30ங்குற எழுதுற ஸ்பீடு குறி உறுதி தர்றது வெறும் 30 எம்பிதான், அப்புறம் எங்க தாங்கும். இதைவிட வேகமா எழுதுற வி60 கார்டு வாங்க இப்போ காசில்ல, செட்டிங்கை 200க்கு இறக்கிட்டேன், நேத்து எல்லா டேக்கும் நிக்காம ஓடுச்சு, 128 ஜிபில கிட்டத்தட்ட 85 நிமிஷம் வருது. இருட்டு சீன்ல மட்டும் சுவரு லேசா கட்டம் கட்டமா தெரியுது. கார்டுக்குப் பதிலா எஸ்எஸ்டி (வெளியில மாட்டுற டிரைவ்) மாட்டச் சொன்னவங்களுக்கு, என் கேமரால யூஎஸ்பி வழியா ரெக்கார்ட் பண்ற வசதியே இல்லங்க.