வயிற்றில் பிள்ளையோடு புகைக்குள் இருந்தவர்கள் எழுதுங்கள்

வட்டையோரக்காரி:
போன வருஷம் ஆவணி, எனக்கு 33 கிழமை. சிறுபோக வெட்டு முடிந்து வட்டை முழுக்க வைக்கலுக்கு நெருப்பு. கச்சான் காற்றில் எங்கே பத்தவைத்தாலும் புகை எங்கள் குசினிக்குள்தான் வரும், படுவான்கரை ஆட்களுக்குத் தெரியும். கொடியில் போட்ட சட்டையெல்லாம் கரித்தூள். மூன்று நாள் தலையிடி. புகைத் தலையிடி என்று சித்தாலேப பூசிக்கொண்டு கிடந்தேன்.

நாலாம் நாள் கிளினிக். மிட்வைஃப் மிஸ் பிரஷர் பார்த்தவ, ஒன்றும் சொல்லாமல் பட்டியைக் கழற்றிவிட்டு, இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னா. கொஞ்ச நேரத்தால் திரும்பப் பார்த்தா. 150க்கு 100. "தலையிடிக்குதா புள்ள?" என்றா. "புகையால மிஸ்" என்றேன். "புகையாலயும் இருக்கலாம், பிரஷராலயும் இருக்கலாம். நீங்க மூணு நாள் புகை என்டே இருந்திட்டீங்க." திட்டவில்லை. ஆனால் இன்றைக்கும் அந்தக் குரல் காதுக்குள் கேட்கிறது. சிறுநீரில் அல்புமின் என்கிற புரதமும் இருந்தது. 36இல் பெற்றேன். மகள் 2 கிலோ 100.

சம்மாந்துறை வாப்பா:
எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரிசி மில். உமி எரிக்கிற நாளில் பிரிஜ்ஜின் மேல் சாம்பல் படியும். மனைவி அதில் விரலால் பிள்ளைக்குப் பேர் எழுதிப் பார்ப்பா, அழிப்பா, பின்னேரம் திரும்ப எழுதலாம். மூத்தவன் வேறு ஊரில் பிறந்தான், அப்போது பிரஷர் இல்லை. இரண்டாவதுக்கு ஏழாம் மாதமே மாத்திரை. மில்லால்தான் என்று சொல்ல ஏலாது. மனம் கேட்குதில்லை, அவ்வளவுதான்.

கல்லாத்தான்:
எல்லாத்துக்கும் புகையைச் சொல்லுங்கள். எங்கள் பெத்தா ஒன்பது பெற்றவ. கொள்ளி அடுப்பு, ஜன்னல் இல்லாத குசினி. ஒரு பிரஷரும் வரவில்லை. இப்போது கருவாடும் மிக்சரும் தின்றுவிட்டு...

ஆரையம்பதி பழைய நேர்ஸ்:
தம்பி, உங்கள் பெத்தாவுக்கு யார் பிரஷர் பார்த்தது? அந்தக் காலத்தில் பிரஷர் கூடி வலிப்பு வந்து போனவர்களைச் சன்னி கண்டது என்று புதைத்தார்கள். போகாதவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது இங்கே எழுதுகிறார்கள்.

என் கதை சின்னது. 2022இல் காஸ் இல்லாத நேரம் மகளும் கொள்ளிக்கு மாறினாள், வயிற்றில் ஐந்து மாதம். பொச்சு மட்டையை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றவளைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் இதைக் கேளுங்கள். கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவே 40, 50 வீதம் கூடும். இதயம் ஏற்கெனவே ஓவர்டைம். அதற்கு மேல் புகை. அதிலுள்ள நுண்தூள், 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறியது, தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு. நெஞ்சுக்குள் ஆழப்போய் அழற்சியைக் கிளப்பும், இரத்தக் குழாய்களை இறுக்கும். இப்படிக் காற்றில் இருக்கும் தாய்மாருக்குப் பிரஷர் கூடுதலாக வருவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அதற்காக ஒருத்திக்கு வந்ததை இந்தப் புகையால்தான் என்று கைகாட்ட முடியாது. சம்மாந்துறைத் தம்பி சொன்னது சரி. கருவாட்டு உப்பும் நல்லதில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். 20 கிழமைக்குப் பிறகு 140க்கு 90 வந்தால் விடக்கூடாது. விடாத தலையிடி, கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி, வலப்பக்கம் விலாவுக்குக் கீழே நோவு, திடீரென்று முகம் வீக்கம், இதில் எது வந்தாலும் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். இரவானாலும் ஒட்டோ பிடியுங்கள். துணி மாஸ்க் இந்தத் தூளுக்குச் சல்லடை. அப்புறம் நுளம்புச் சுருள்! அதுவும் புகைதான். கதவைப் பூட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே கொளுத்துகிறீர்கள். வலையைக் கட்டுங்கள். முதல் பிள்ளைக்குப் பிரஷர் வந்தவர்கள் அடுத்ததில் நாள் தள்ளிய உடனே டொக்டரிடம் சொல்லுங்கள், 16 கிழமைக்கு முன் சின்ன அஸ்பிரின் தொடங்குவதா என்று அவர்தான் பார்ப்பார். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

கல்லாத்தான்:
அட்வைஸ் கேட்டவர் யார்?

கல்லடி டீச்சர்:
2022 மார்கழி 9, காற்று கெட்டுப்போய் நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் மூடிய நாள். எனக்கு எட்டாம் மாதம். லீவு கிடைத்த சந்தோஷத்தில் ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு நல்ல நித்திரை கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

வட்டையோரக்காரி:
நேர்ஸ் அக்கா, நன்றி. ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த வைக்கல் ஊரார் வைக்கல் இல்லை. எங்கள் வயல்தான், பத்தவைத்தது மாமா. பிரஷர் விஷயம் தெரிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு இரவு நித்திரை இல்லாமல் இருந்தவரும் அவர்தான். இந்தக் கிழமை திரும்ப வெட்டு. நேற்று மகளை மடியில் வைத்துக்கொண்டு, மெஷின் போன பிறகு வைக்கலை என்ன செய்வது என்று யாரிடமோ போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.