ரோம்: பாந்தியன் டோமில் கம்பியே இல்லை, பீட்டர்ஸ் டோமுக்கு மட்டும் ஏன் இரும்பு வளையம்?

வளைவரை (கேள்வி)

ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனின் குவிமாடத்துக்கு உள்விட்டம் 43.3 மீட்டர். கம்பி போடாத கான்கிரீட். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்திலிருந்து (2-ம் நூற்றாண்டு) நிற்கிறது. புனித பீட்டர் பேராலயத்தின் மாடம் அதைவிடக் கொஞ்சம் சிறியது, சுமார் 41.5 மீட்டர், 1590-ல் முடிந்தது. அதற்குப் போய் 18-ம் நூற்றாண்டில் இரும்பு வளையம் மாட்டியிருக்கிறார்கள். பழசு அசையாமல் இருக்க, புதுசு ஏன் விரிந்தது? நேரில் எங்கே நின்று பார்த்தால் இது புரியும்? பாந்தியனின் உச்சித் துளை வழியாக மழை உள்ளே விழாது என்கிறார்களே, அது உண்மையா?

காரைக்கட்டி

முதலில் ஒரு திருத்தம். பாந்தியனிலும் விரிசல் உண்டு. அரைக்கோள மாடம் தன் எடையிலேயே நிற்கும்போது, உச்சியிலிருந்து ஏறத்தாழ 52 பாகை வரை வளையத் திசையில் (மாடத்தைச் சுற்றிக் கிடையாக) அமுக்கம்; அதற்குக் கீழே இழுவிசை. கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். அதனால்தான் அடிப்பகுதி ஆரஞ்சுச் சுளைகள் மாதிரி மேலும் கீழுமாகப் பிளந்திருக்கிறது. பிளந்தபின் அந்தப் பகுதி மாடமாக வேலை செய்வதில்லை, உச்சியில் ஒன்றையொன்று முட்டி நிற்கும் வளைவுகளாகத்தான் வேலை செய்கிறது. கால் வெளியே நழுவாத வரை வளைவு விழாது.

அந்தக் காலைப் பிடித்திருப்பது சுமார் 6 மீட்டர் தடிமனுள்ள சுற்றுச்சுவர். மாடத்தின் வெளிப்புறம் கீழ்ப்பாதியில் படிப்படியாகத் தெரியும் வளையங்களும் அலங்காரத்துக்கு இல்லை. மாடம் காலை வெளியே தள்ளும் உதைப்பை அவற்றின் எடை கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. மேலே போகப் போக எடை குறைகிறது: அடியில் தடிமன் 6 மீட்டரை ஒட்டி, துளை விளிம்பில் சுமார் 1.2 மீட்டர். கலவையில் போட்ட கல்லும் மாறுகிறது. அஸ்திவாரத்தில் கனமான டிராவர்டைன் (சுண்ணாம்புக்கல் வகை), நடுவே டஃப் (எரிமலைச் சாம்பல் இறுகிய கல்) கல்லும் செங்கல் துண்டும், உச்சியில் நுரைபோன்ற எரிமலைக்கல். உள்ளே தெரியும் 140 சதுரக் குழிகளுக்குத்தான் எல்லாரும் பெருமை கொடுக்கிறார்கள். அவற்றால் எடை கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

துளை இருப்பதால் பலவீனம் இல்லை. கிணற்று உறையைச் சுற்றி மண் நெருக்கினாலும் உறை உள்ளே இடிந்துவிடுகிறதா? அதே கணக்கு.

திசைகாட்டி

மழை தாராளமாக விழும். சூடான காற்று மேலெழுந்து மழையைத் தள்ளிவிடும் என்பது வழிகாட்டிகள் விடும் கதை. தரையின் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருக்கும். பளிங்கில் 22 வடிகால் துளைகள் இருக்கின்றன. மழை நாளில் அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்திருப்பார்கள். ஈரப் பளிங்கு வழுக்கும்.

உள்ளே போகுமுன் வியா டெல்லா ரோட்டோண்டா அல்லது வியா டெல்லா மினெர்வா பக்கமாகச் சுற்றி நடந்து வாருங்கள். வெளிச்சுவரில் செங்கல்லால் பதித்த பெரிய வளைவுகள் தெரியும். சுவர் உண்மையில் முழுக்கட்டி இல்லை, உள்ளே மாடக்குழிகளும் வெற்றிடங்களும் இருக்கின்றன. பாரத்தை அவற்றுக்கு மேல் தாண்டவைத்து எட்டுத் தூண்பகுதிகளில் இறக்குவது இந்த வளைவுகள்தான். காரைக்கட்டி சொன்னது இங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

ஒளிக்கற்றைக்காகப் போகிறவர்கள் நேரத்தில் ஏமாறுவார்கள். ஏப்ரல் 21-ஐ ஒட்டி நண்பகலில் அது வாசலில் விழும். ஆனால் கோடைநேரக் கடிகாரப்படி ரோமில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.10-ஐ ஒட்டி. 12 மணிக்குப் போய் நின்று பயனில்லை. குளிர்காலத்தில் ஒளி தரைக்கே இறங்காது, மாடத்திலேயே நின்றுவிடும். 2023 ஜூலையிலிருந்து நுழைவுக் கட்டணம் உண்டு.

வளைவரை

நன்றி. அப்படியென்றால் பீட்டர்ஸிலும் சுளை விரிசல்தானா?

காரைக்கட்டி

அதேதான். வித்தியாசம் கால் எங்கே நிற்கிறது என்பதில். பாந்தியன் மாடம் தரையிலிருந்து எழும் தடித்த சுவரில் உட்கார்ந்திருக்கிறது. பீட்டர்ஸில் நான்கு பெருந்தூண்கள், அவற்றின் மேல் வளைவுகள், அதன்மேல் ஜன்னல் வைத்த உயரமான கழுத்து, அதற்கும் மேல்தான் உள்ளோடு, வெளியோடு என இரண்டு ஓடு கொண்ட மாடம். உதைப்பைத் தடுக்க அங்கே கனமான சுவர் கிடையாது. கட்டும்போதே வைத்த இரும்பு வளையங்களும் போதவில்லை.

விரிசலைப் பார்த்துப் பயந்து 1742-ல் மூன்று கணிதவல்லுநர்களிடம் அறிக்கை கேட்டார்கள். பிறகு வந்த பதுவா பேராசிரியர் ஜொவான்னி பொலேனி செய்தது அழகான வேலை. மாடத்தை 50 சுளைகளாகக் கணக்கில் பிரித்து, எதிரெதிர் இரண்டு சுளைகளின் எடைக்கேற்ப 32 குண்டுகளை ஒரு கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார். தொங்கிய வளைவைத் தலைகீழாகத் திருப்பினால் அமுக்கம் போகும் பாதை கிடைக்கும்; அது மாடத்தின் தடிமனுக்குள்ளேயே அடங்கியது. ஆக, விழாது. இருந்தாலும் விரிசல் வளரக் கூடாதென்று வளையம் போடச் சொன்னார். கட்டடக் கலைஞர் வன்விதெல்லி 1743-44-ல் ஐந்து வளையங்களைப் பொருத்தினார். பழைய வளையம் ஒன்று அறுந்திருந்தது தெரிந்து ஆறாவது பின்னால் சேர்ந்தது.

மேலே ஏறினால் 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி பாக்கி. கடைசிப் பகுதி இரண்டு ஓடுகளுக்கும் நடுவே போகிறது: சுவர் உங்கள் மேல் சாய்ந்துவரும், நீங்களும் பக்கவாட்டில் சாய்ந்தே ஏற வேண்டும். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், நடுவழியில் திரும்ப இடம் இருக்காது.