கூட்டம் கலைந்த பிறகும் கணக்கில் 640 பேர் உள்ளே! எங்கே தப்பு?

விழாக் கமிட்டி, குடியாத்தம்:
அம்மன் திருவிழாவுக்கு மைதானத்தில் ராத்திரி பாட்டுக் கச்சேரி. டிக்கெட் கிடையாது. மைதானம் 60 மீட்டருக்கு 40 மீட்டர், சுத்தி காம்பவுண்டு சுவர். மூணு வாசல்: மெயின் ரோடு பக்கம் 3 மீட்டர், தெருப் பக்கம் 2 மீட்டர், பின்பக்கம் 1.2 மீட்டர். போன தடவை வாசலுக்கு ஒரு பையன், கையில் ரெண்டு கிளிக் கவுண்டர் (ஒரு அழுத்துக்கு ஒண்ணு கூடும்). உள்ளே 4,180, வெளியே 3,540. மைதானம் காலி, கணக்குப்படி இன்னும் 640 பேர் உள்ளே. சென்சார் போட்டா சரியாகுமா? மொத்தம் எத்தனை பேர் வரை விடலாம்?

வாசல் கணக்கு, காட்பாடி:
அந்த 640 எந்த நேரத்தில் உண்டாச்சுன்னு பாருங்க. கச்சேரி முடிஞ்சதும் 3 மீட்டர் வாசலில் நிமிஷத்துக்கு 200 பேர் வெளியேறுவாங்க, அதாவது வினாடிக்கு மூணு பேருக்கு மேல். ஒரு கட்டைவிரல் அதைப் பிடிக்காது. அங்கே தவறினதா இருந்தா விட்டுடுங்க, கலையற கூட்டத்தோட கணக்கு உங்களுக்குத் தேவையில்லை. கடைசியில் பூஜ்யம் வந்தே ஆகணும்னு இல்லை.

பயப்பட வேண்டியது வரும்போது தவறுற கணக்கு. வெளியே போனவங்களை விட்டா, உள்ளே இருக்கிறதைவிட அதிகமாக் காட்டும். சீக்கிரம் கேட்டை மூடுவீங்க, அவ்வளவுதான். வந்தவங்களை விட்டா, 4,000 பேர் நெரியும்போது தாள் 3,300ன்னு சொல்லும். நம்ம ஊர் வெயிலுக்கு யாரும் அஞ்சு மணிக்கு வரமாட்டாங்க. ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் மொத்தமா வந்து கொட்டும். எண்ணுறவர் திணறுற நேரம் அதுதான்.

பெரிய வாசலில் ரெண்டு பேரை நிறுத்துங்க: ஒருத்தர் வரவுக்கு, ஒருத்தர் போக்குக்கு. ஒரே ஆள் ரெண்டு கையிலும் கவுண்டர் வைச்சா கை மாறும். போக்குக் கவுண்டரில் சிவப்பு டேப் ஒட்டுங்க. வாசலுக்கு உள்ளே ரெண்டு மீட்டர் தள்ளி சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டைத் தாண்டுற ஆளை மட்டும் அழுத்தச் சொல்லுங்க. அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறணும். மாறும்போது கவுண்டரைப் பூஜ்யமாக்கக் கூடாது. பாதிக் கணக்கு அங்கேதான் காணாமப் போகுது.

சென்சார் பத்தி: ரெண்டு பக்கமும் கம்பத்தில் வைக்கிற ஒளிக்கதிர் வகை, தோளோடு தோள் சேர்ந்து போற நாலு பேரை ஒருத்தரா எண்ணும், கையை வீசினா ரெண்டாவும் எண்ணும். ஒத்தையடி வழியா இருந்தா சரி, திருவிழாக் கூட்டத்துக்கு ஆகாது.

பந்தல் வேலை, ஆம்பூர்:
வழியைக் குறுக்க சவுக்குக் கம்பு கட்டுறீங்கன்னா 90 சென்டிமீட்டர் அகலத்தில் தனித்தனி வழியாப் பிரிச்சு விடுங்க, ஒவ்வொருத்தரா வருவாங்க. ஆனா அந்தக் கம்புகளைக் குழி தோண்டி நடாதீங்க. நாலு பேர் சேர்ந்தா ஒரு நிமிஷத்தில் தூக்கிப் போடுற மாதிரி இருக்கணும். எண்ணுறதுக்காகக் கட்டின தடுப்பே ஓடும்போது காலை வாரிடும்.

வாசல் கணக்கு, காட்பாடி:
சரியான பேச்சு. இப்ப எத்தனை பேர்ங்கிற கேள்வி. இதை ரெண்டு விதமாப் போட்டு, எது சின்னதோ அதை எடுத்துக்கணும்.

முதல்ல இடம். 2,400 சதுர மீட்டரில் மேடை, மேடை முன் காலி இடம், சவுண்ட் மிக்ஸர், கடைங்க, ஜெனரேட்டர், ஆம்புலன்ஸ் வழி எல்லாம் 700 எடுத்துக்கும்னு வைங்க. மீதி 1,700. நின்னு பார்க்கிற திறந்தவெளிக்கு ஆளுக்கு அரை சதுர மீட்டர் கொடுத்தா 3,400 பேர்.

அடுத்தது வழி. சமதரையில் மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்தில் 82 பேர் வெளியேறலாம்னு பிரிட்டனில் விளையாட்டு மைதானப் பாதுகாப்புக்கு வைச்சிருக்கிற ‘கிரீன் கைடு’ கணக்கு வைக்குது. அவசரத்துக்கு அதிகபட்சம் 8 நிமிஷம். கீத்துக் கொட்டகை, துணிப் பந்தல்னா அவ்வளவு நேரம் எடுத்துக்காதீங்க. பெரிய வாசல் அடைபட்டுப் போச்சுன்னு நினைச்சுப் பார்க்கணும். மீதி 3.2 மீட்டர். 3.2 × 82 × 8 = 2,099. உங்க மைதானம் 3,400 பேரைத் தாங்கும், வாசல் தாங்காது. உச்சம் 2,100தான்.

விழாக் கமிட்டி, குடியாத்தம்:
அய்யோ, போன தடவை அதுக்கு மேலேயே உள்ளே இருந்திருப்பாங்க. பின்பக்கம் 2.4 மீட்டர் இரும்பு கேட் ஒண்ணு பூட்டியே கிடக்கு, அதைத் திறந்தா?

வாசல் கணக்கு, காட்பாடி:
அப்ப 5.6 × 82 × 8 = 3,673. இடத்தோட கணக்கான 3,400 உச்சமாகிடும். ஆனா பூட்டைக் கழட்டி, திறந்து வைச்சு, ஆள் நிறுத்தினாதான் அதை வழின்னு சேர்க்கலாம். சாவி யார் வீட்டிலயோ இருந்தா அது சுவர்தான்.

உச்சம் 3,400ன்னா, அதில் 80 சதம், 2,720 வந்ததும் எல்லா வாசலுக்கும் சொல்லிடுங்க. 90 சதம், 3,060ல் நிறுத்தி, ஒருத்தர் போனா ஒருத்தர்னு விடுங்க. நிறுத்தறது கேட்டில் இல்லை, ரோட்டு முனையில். 2025 ஜூன் 4 அன்னைக்கு பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் நெரிசலில் 11 பேர் இறந்தது வாசலுக்கு வெளியேதான்.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வாக்கி டாக்கியில் கவுண்டர் எண்ணை முழுசாச் சொல்லச் சொல்லுங்க. "இப்ப 85 பேர்" வேண்டாம், "மொத்தம் 1,240". நடுவில் ஒரு தகவல் விட்டுப் போனாலும் அடுத்ததில் கணக்கு நேராகிடும்.

சவுண்ட் சர்வீஸ், வேலூர்:
மொத்தம் சரியா இருந்தாலும் மேடைக்கு முன்னாடி முட்டும், அதை வாசல் கணக்கு காட்டாது. பந்தல் கால்கள் 3 மீட்டருக்கு ஒண்ணு இருந்தா நாலு கால் நடுவே 9 சதுர மீட்டர். மிக்ஸர் மேடையில் இருந்து அந்தக் கட்டத்தில் தலையை எண்ணுங்க. 18 சாதாரணம். 36 ஆனா பாட்டை நிறுத்திப் பின்னுக்குப் போகச் சொல்லணும். 45 ஆச்சுன்னா ஆபத்து, அதுக்கு மேல ஏற ஏற கூட்டம் தன்பாட்டுக்கு அலை மாதிரி ஆடும், நடுவில் நிக்கிறவங்களால் கையைக்கூட தூக்க முடியாது. எருது விடும் விழாவுக்கும் இந்தக் கட்டக் கணக்குதான் ஒத்துவரும், அங்கே எண்ணுறதுக்கு வாசலே இருக்காதே.

விழாக் கமிட்டி, குடியாத்தம்:
கைக்குழந்தையை எண்ணணுமா? கடைக்காரங்க, பாட்டுக்குழு?

வாசல் கணக்கு, காட்பாடி:
இடுப்பில் இருக்கிற குழந்தையும் ஒரு தலை. கடைக்காரங்க, ஜெனரேட்டர் ஆள், பாட்டுக்குழு, உங்க கமிட்டி எல்லாரையும் சாயங்காலமே எண்ணி, தாளில் முதல் வரியா எழுதிடுங்க. பூஜ்யத்தில் ஆரம்பிக்காதீங்க.