ஆணிக்குப் போட்ட கருப்பட்டி

குழு: மேலத்தெரு வீடு
ஞாயிற்றுக்கிழமை

காலை 6:10
சித்தப்பா: [படம்: ரோஜாப்பூ, காலை வணக்கம்]

காலை 6:42
அம்மா: யாராவது விழித்திருக்கிறீர்களா? சென்னையிலிருந்து வீட்டுக்கார அம்மா போன் செய்தார். "உங்கள் மகள் மொட்டைமாடியில் பானை வைத்து ஊறல் போட்டிருக்கிறாள், வாயைத் துணியால் கட்டியிருக்கிறாள், கிட்டே போனால் புளித்த வாடை அடிக்கிறது" என்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சித்தப்பா: ஊறலா? நம் குடும்பத்திலும் ஒரு தொழில்முனைவோர் வந்துவிட்டார்.

சித்தி: நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள். அவளிடம் கேட்டீர்களா, அக்கா?

அம்மா: போனை எடுத்தால்தானே. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் அவள் என்றைக்கு எழுந்தாள்?

நான்: பதறாதே அம்மா. இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் போனபோதே அந்தப் பானை இருந்தது. உள்ளே ஆணி கிடந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டில் எதையாவது கேட்டால் நம்மைத்தான் ருசி பார்க்கச் சொல்வாள்.

அத்தை: ஆணியா? யாருக்காவது செய்வினை கிய்வினை வைக்கிறாளா?

மாமா: படித்தவர்கள் பேசுகிற பேச்சா இது.

காலை 9:53
அக்கா: 27 செய்தி! நான் தூங்கி எழுவதற்குள் என்னைக் காவல் நிலையம் வரை கொண்டுபோய்விட்டீர்களா? அது சாராயம் இல்லை, மை. எழுதுகிற மை. துருப்பிடித்த ஆணி, கருப்பட்டி, தண்ணீர், அவ்வளவுதான். இன்றோடு 18 நாள்.

அம்மா: எந்தக் கருப்பட்டி?

அக்கா: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

அம்மா: நீக்கினால் எனக்குத் தெரியாதா? ஏட்டி, உடன்குடிக்கு ஆள் அனுப்பி வாங்கினேன். இடுப்புக்குப் பலம், உளுந்தங்களி கிண்டிச் சாப்பிடு என்று 2 கிலோ கட்டிக் கொடுத்தேனே, அதுவா?

அக்கா: முழுசும் இல்லை அம்மா. முக்கால் கிலோதான்.

அம்மா: முக்கால் கிலோ! பெற்ற பிள்ளை தின்னட்டும் என்று கொடுத்தால் ஆணி தின்கிறது.

சித்தி: வெல்லம் போட்டால் ஆகாதா?

அக்கா: தாராளமாக ஆகும் சித்தி. ஸ்ரீகாளஹஸ்தியில் துணியில் கலம்காரி ஓவியம் வரைகிறவர்களும் கறுப்புக்கு இப்படித்தான் வெல்லத்தில் இரும்பை ஊறப்போடுகிறார்கள். என் வீட்டில் அன்றைக்கு வெல்லம் தீர்ந்துபோயிருந்தது. ராத்திரி 11 மணி. கை பரபரத்தது.

மாமா: பாப்பா செய்தது சரிதான். 31 வருஷம் வேதியியல் நடத்தியவன் சொல்கிறேன், கேளுங்கள். கருப்பட்டித் தண்ணீர் முதலில் நொதித்து ஆல்கஹால் ஆகும். அப்படியே விட்டுவைத்தால் புளித்து அசிட்டிக் அமிலம், அதாவது காடி ஆகும். காடி ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அந்த இரும்புத் தண்ணீர் கடுக்காய் மாதிரித் துவர்ப்பான எதைத் தொட்டாலும் கருத்துப்போகும். நாம் துவர்ப்பு என்று சொல்வது பெரும்பாலும் டானின். ஆகவே வீட்டுக்கார அம்மா முதல் வாரத்திலேயே புகார் சொல்லியிருந்தால் அதில் பாதி நியாயம் இருந்திருக்கும்.

சித்தப்பா: அத்தான், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரைக்கும் ஆல்கஹால்? தோராயமாகச் சொன்னால் போதும்.

சித்தி: போனைக் கீழே வையுங்கள்.

அக்கா: சித்தப்பா, அதில் 40 துருப்பிடித்த ஆணியும் பழைய கதவுக் கீல் ஒன்றும் கிடக்கின்றன.

சித்தப்பா: இரும்புச் சத்துதானே.

அத்தை: இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது உனக்கு? படம் வரைகிற பிள்ளை, கடையில் ஒரு மை பாட்டில் வாங்கினால் தீர்ந்தது.

அக்கா: எல்லாம் வாழைப்பூவால் வந்தது அத்தை. போன மாதம் ஒரு பூ வாங்கி, நரம்பு எடுத்து, பொடியாக நறுக்கினேன். வீட்டில் மோர் இல்லை. அப்படியே இரும்புச் சட்டியில் போட்டு வதக்கி, மூடிவைத்துவிட்டு ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பொரியல் கன்னங்கரேல் என்று கிடக்கிறது. தட்டில் போட்டேன், தட்டில் கறை. விரலால் தொட்டுத் தாளில் ஒரு கோடு இழுத்தேன். அழகான சாம்பல் நிறம். காய்ந்ததும் இன்னும் கறுத்தது. அதற்குமேல் எப்படி அதைச் சாப்பிட மனசு வரும்?

சித்தி: வாழைப்பூவை இரும்புச் சட்டியில் போடலாமா? மண்சட்டியோ எவர்சில்வரோ வைக்க வேண்டும். அதுவும் மோரில் போட்டு எடுக்காமல்!

நான்: அந்தப் பொரியலை யார் சாப்பிட்டது என்பதை அவள் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நான்தான். இரும்புக் கம்பியை நக்கியது போல இருந்தது.

மாமா: அதேதான் பாப்பா. வாழைப்பூத் துவர்ப்பும் சட்டி இரும்பும் சேர்ந்த மை. இந்த மையில் எழுதும்போது வெளிறித்தான் தெரியும். காற்றுப் பட்டுப் பட்டுத்தான் கறுக்கும். ஐரோப்பாவில் ஓக் மரத்தில் காய் மாதிரி வரும் புடைப்பையும் இரும்பு உப்பையும் வைத்து பல நூறு வருஷம் இப்படித்தான் மை காய்ச்சினார்கள்.

அக்கா: அவ்வளவு தூரம் போக வேண்டாம் மாமா. கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயிலில் தொங்கவிடும் தொம்பை, தேர்ச்சீலை எல்லாம் வரைகிறவர்கள்.

அம்மா: கும்பகோணம் இருக்கட்டும். வீட்டுக்கார அம்மாவுக்கு என்ன பதில்? வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவாய்?

அக்கா: பலகாரம் கொடுத்துச் சமாதானம் பண்ணப் போகிறேன். இடியாப்பம், சொதி.

சித்தி: சொதியா! கேட்டுக்கொள். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், முதல் பால் ஊற்றினால் கொதிக்க விடக் கூடாது. எலுமிச்சம்பழம் இறக்கிவைத்த பிறகுதான்.

அம்மா: இஞ்சித் துவையல் அரைப்பாய்தானே?

(பதில் இல்லை.)

மதியம் 1:36
அக்கா: ஒரு சின்னச் சிக்கல்.

நான்: சின்னச் சிக்கல் என்று இவள் சொன்னால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம்.

அக்கா: வெறும் வெள்ளை இடியாப்பம் கொடுப்பானேன் என்று, சுவரில் படர்ந்த சங்குப்பூவைப் பறித்து வெந்நீரில் போட்டு, அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்தேன். நல்ல நீலம். மயில் கழுத்து மாதிரி. கொண்டுபோய் வைத்தேன். அந்த அம்மாவும் "அட" என்றுதான் சொன்னார். பிறகு அவரே சொதியை ஊற்றினார். ஊற்றிய இடமெல்லாம் ஊதாவாக மாறிக்கொண்டே வந்தது. அவர் கண் முன்னாலேயே.

அத்தை: ஐயோ!

அக்கா: "இதிலும் அந்தப் பானைத் தண்ணீர் உண்டா?" என்று கேட்டார்.

மாமா: எலுமிச்சம்பழம்! சங்குப்பூச் சாயம் புளிப்புப் பட்டால் ஊதாவாகும், புளிப்பு கூடினால் இளஞ்சிவப்புக்கே போகும். சோப்புத் தண்ணீர் பட்டால் பச்சைப் பக்கம் திரும்பும். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாள் தீர்ந்துபோனால் நான் செம்பருத்தியை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறேன். இதைச் சொல்லியிருக்கலாமே.

அக்கா: சொன்னேன் மாமா. நம்பவில்லை. அவர் வீட்டு எலுமிச்சம்பழத்தையே வாங்கி, இன்னொரு இடியாப்பத்தில் பிழிந்து காட்டினேன். பேரப்பிள்ளைகள் இரண்டும் ஓடி வந்துவிட்டன. பிறகு ஆளுக்கு ஒரு மூடி எலுமிச்சம்பழம். கொண்டுபோன 12 இடியாப்பமும் காலி. பாதி வாய்க்குள், பாதி மேஜைமேல்.

சித்தப்பா: கடைசியில் வீட்டுக்கார அம்மாவுக்கே கடுக்காய் கொடுத்துவிட்டாள்.

மாமா: சரியான இடத்தில் சரியான சொல்.

அக்கா: பானை இருக்கலாமாம். ஆனால் அவர் வடகம் காயப்போடுகிற பக்கத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டுமாம். கருப்பட்டிக்கு எறும்பு வரிசை கட்டி வருகிறது, அதுதான் அவருடைய உண்மையான கோபம்.

அம்மா: இஞ்சித் துவையல் அரைத்தாயா, இல்லையா?

அக்கா: இல்லை அம்மா.

அம்மா: தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் மந்தம். துவையல் இல்லாமல் சொதியை ஒரு பெரிய மனுஷிக்குக் கொடுத்திருக்கிறாள். ராத்திரி வயிறு பொருமினால் அதற்கும் எனக்குத்தான் போன் வரும்.

மாலை 5:20
அக்கா: [படம்]
பானையைத் திறந்தாயிற்று. பழைய வேட்டியில் பாதியைக் கிழித்து, கடுக்காய்ப் பொடியும் பாலும் கலந்ததில் நனைத்துக் காயவைத்திருந்தேன். அதில்தான் வரைந்தது. மூங்கில் குச்சி முனையில் துணி சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியதுதான் தூரிகை. குச்சியில் இருக்கும்போது தண்ணீர் துருக் கலரில் இருக்கிறது, துணியில் பட்டதும் கறுப்பு! எருமைப்பால்தான் போட வேண்டும். எனக்குக் கிடைத்தது பாக்கெட் பால், அதனால் ஓரத்தில் கோடு கொஞ்சம் கசிந்துவிட்டது. துணி இப்போது ஒரே பால் கவிச்சி. அலசினால் போகும்.

சித்தி: அடேயப்பா! இது நம் பழைய அடுப்படி இல்லையா? அரிவாள்மனை, தூக்குவாளி, ஆட்டுரல், திருகை. அந்த மூலையில் பூனைகூட இருக்கிறது.

அத்தை: பரணில் கிடக்கும் பித்தளைக் குத்துப்போணி வரைக்கும் வரைந்திருக்கிறாளே என் ராசாத்தி. காலையில் செய்வினை என்று சொன்னதை மறந்துவிடு.

மாமா: கறுப்பு நல்ல அடர்த்தி. முழு மதிப்பெண்.

நான்: அம்மா, பார்த்தாயா?

அம்மா: ஆச்சியிடம் காட்டிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியைத் தேடுகிறாள்.

மாலை 5:41
அம்மா: [குரல் பதிவு, 1 நிமிடம் 12 நொடி]

மாமா: எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. யாராவது எழுதுங்கள்.

நான்: எழுதுகிறேன் மாமா. ஆச்சி சொல்வது: "யார் வரைந்தது, மூத்தவளா? நன்றாக இருக்கிறது. எங்கள் அப்பா ஓலையில் எழுத்தாணியால் கீறிவிட்டு, எழுத்துத் தெரிய மை தடவுவார். கோவை இலையை நான்தான் பறித்துக் கசக்கிக் கொடுப்பேன். அந்தச் சாற்றில் கரியைக் குழைப்பார். கையெல்லாம் பச்சையும் கறுப்புமாக இருக்கும், அம்மா சோற்றுப்பானையைத் தொட விட மாட்டாள். அது கிடக்கட்டும். திருகைக்குக் கைப்பிடியை எங்கே வைத்திருக்கிறாள்? நட்டநடுவில் வைத்தால் யார் சுற்றுவது? நடுவில் தானியம் போடுகிற குழி. பிடி ஓரத்தில். உளுந்து உடைத்திருந்தால் தெரிந்திருக்கும்." கடைசியில் பூனைக்கு வால் குட்டை என்கிறார். அப்புறம் டிவி சத்தம்.

அக்கா: ஆச்சி!! ஆமாம், பிடி ஓரத்தில்தான். எப்படி மறந்தேன்? துணியில் ஏறிய கறுப்பை இனி அழிக்கவும் முடியாதே.

மாமா: எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார். இரும்புக் கறைக்குக் கேட்கும். முழுசும் போகாவிட்டாலும் மங்கும்.

அக்கா: எல்லாவற்றையும் மதியமே பிழிந்தாயிற்று மாமா. கடைசிப் பழம் கீழ் வீட்டுச் சின்னவன் கையில்.

சித்தப்பா: பானையில் மீதி இருக்கிறதா?

சித்தி: இவரைக் குழுவிலிருந்து எடுக்க யாரிடம் சொல்ல வேண்டும்?

மாலை 6:05
அம்மா: 2 கிலோவில் முக்கால் போனால் மீதி ஒன்றேகால். அதை டப்பாவில் போட்டு இறுக்க மூடு. நாளைக் காலையில் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, இங்கே படம் போட வேண்டும். போனில் எடுத்த படம். நீ வரைந்த படம் இல்லை.